தண்டவாளத்தைக் கடக்கும் கோணம்

2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு மாலை. கொல்கத்தாவின் ராஷ்பிகாரி அவென்யூவில் மழை விட்டு அரைமணி நேரம் ஆகியிருந்தது. இயற்பியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த தமிழ் மாணவர் ஒருவர், லேக் மார்க்கெட்டில் காப்பித்தூளும் ஒரு கட்டு வாழையிலையும் வாங்கிக்கொண்டு, கரியாஹாட் திசையில் தம் மோட்டார் சைக்கிளில் சென்றுகொண்டிருந்தார். முன்னால் போன ஆட்டோ, கை காட்டிய பயணியை ஏற்றுவதற்காகச் சட்டென்று நின்றது. அவர் முன் பிரேக்கை அழுத்தியவாறே வண்டியை வலப்பக்கம் ஒடித்தார். சாலையின் நடுவே டிராம் தண்டவாளம் ஈரத்தில் பளபளத்துக் கிடந்தது. முன்சக்கரம் அதன்மேல் சாய்வாக ஏறியது. அடுத்த கணம் வண்டி ஒருபுறமும் அவர் ஒருபுறமுமாகக் கிடந்தனர்.

நடைபாதைக் கடைக்காரர்கள் ஓடிவந்து தூக்கினார்கள். "தாதா, லேகேச்சே?" என்று ஒருவர் கேட்டார். அடிபட்டதா என்பது அதன் பொருள். தலைக்கவசம் தலையைக் காத்தது. வலத் தோளெலும்பு விரிசல் கண்டிருந்தது. ஆறு வாரம் கையைத் தொட்டிலில் தொங்கவிட்டிருக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். எழுதும் கை அதுவே. ஆய்வேட்டின் மூன்றாம் இயல் பாதியில் நின்றது.

அந்த ஆறு வாரங்களில் அவரை வருத்தியது வலியைக் காட்டிலும் ஓர் எண். விழுந்தபோது வண்டியின் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் இருந்திருக்க வாய்ப்பில்லை. மணிக்கு 130 கிலோமீட்டரை எட்டக்கூடியது என்று நண்பர்களிடம் அவர் பெருமையாகச் சொல்லிவந்த வண்டி அது. பந்தய வண்டியின் சட்டகமும் பந்தய வண்டியின் தோற்றமும் கொண்டது. வளைவுகளில் அதற்கு நிகரான சிறிய வண்டி இந்தியாவில் இல்லை என்பது அவரது உறுதியான கருத்து. அப்படிப்பட்ட வண்டி, மிதிவண்டி ஓட்டுபவர்கூடத் தொடக்கூடிய வேகத்தில், ஓர் இரும்புப் பட்டையின்மேல் ஏன் கைவிட்டது? கையாளுதல் என்று எல்லாரும் சொல்லும் அந்தக் குணம் வண்டியில் எங்கே இருக்கிறது?

வண்டி யமஹா ஆர்15, இரண்டாம் பதிப்பு. ஆறாண்டு ஓடியதை 45,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தார். அப்போது இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை மாதம் 25,000 ரூபாய். புதிய வண்டி எட்டாக்கனியாக இருந்தது. பழையதை வாங்குவதற்கே, நிலுவையாக நின்று ஒட்டுமொத்தமாக வந்த உதவித்தொகை கைகொடுத்தது.

அந்த வண்டிக்கு ஒரு வரலாறு உண்டு. 1985இல் வந்த ஆர்எக்ஸ் 100 ஒரு தலைமுறைக்கு வேகம் என்பதன் பொருளைக் கற்றுத் தந்தது. 1999இல் ஹீரோ ஹோண்டா சிபிஇசட், 2001இல் பஜாஜ் பல்சர், 2006இல் ஓசூரில் ஆலை கொண்ட டிவிஎஸ்ஸின் அப்பாச்சி என்று நடுத்தர வர்க்க இளைஞருக்கான வேக வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இவையெல்லாம் அன்றாடப் பயன்பாட்டு வண்டியின் உடலில் சற்றே வலுவான எஞ்சினைப் பொருத்திய முயற்சிகள். 2008இல் ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாய் விலையில் வந்த ஆர்15 வேறு இடத்தில் தொடங்கியது. நீரால் குளிர்விக்கப்படும் எஞ்சின், நான்கு வால்வுகள், எரிபொருள் உட்செலுத்தும் முறை, ஆறு கியர்கள் ஆகியவற்றை 150 சிசி வகுப்புக்குள் அது கொண்டுவந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, கைப்பிடித் தண்டின் தலைப்பகுதியையும் பின்சக்கரத்தைத் தாங்கும் கையின் கீலையும் ஏறக்குறைய நேர்க்கோட்டில் இணைக்கும் இரண்டு அகன்ற எஃகு விட்டங்களால் ஆன டெல்டாபாக்ஸ் சட்டகத்தை அது தந்தது.

எஞ்சினின் எண்கள் பெரியவை அல்ல. நிமிடத்துக்கு 8,500 சுழற்சியில் சுமார் 17 குதிரைத்திறன், 7,500 சுழற்சியில் 15 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. அதே விலைக்கு இதைவிடப் பெரிய எஞ்சின் கொண்ட வண்டிகள் கிடைத்தன. நேர்ச்சாலையில் அவற்றுட் சில இதை முந்தவும் செய்தன. ஆனால் வளைவில் ஓட்டுநர் வண்டியைச் சாய்க்கும்போது முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். சட்டகம் முறுக்கிக்கொண்டால் அந்த ஒழுங்கு குலைந்து வண்டி நெளியத் தொடங்கும். ஆர்15இன் சட்டகம் முறுக்கத்துக்கு எளிதில் இடங்கொடாதது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அமைத்த 3.7 கிலோமீட்டர் ஓடுதளத்தில் இந்த வண்டிகளுக்கென்றே தனிப்போட்டி நடத்த முடிந்தது இதனால்தான். அந்த மாணவர் இளங்கலை படித்த காலத்தில் சேலத்திலிருந்து பேருந்து ஏறிப்போய் அப்போட்டியைப் பார்த்திருக்கிறார். கையில் ஒரு லட்ச ரூபாய் உள்ளவர் எவரும் கடையில் வாங்கக்கூடிய வண்டி, முழங்கால் தரையில் உரசும் அளவுக்குச் சாய்ந்து செல்வதை அங்கேதான் கண்டார்.

முதற்பதிப்புக்கும் இரண்டாம் பதிப்புக்கும் இடையே நிகழ்ந்த மாற்றம் தனியே கவனிக்கத்தக்கது. முதல் வண்டியின் பின்டயர் 100 மில்லிமீட்டர் அகலம் மட்டுமே. முகப்பைப் பார்த்து மயங்கியவர்கள் பின்னால் சென்று பார்த்ததும் முகம் சுளித்தனர். பந்தய வண்டிக்கு இவ்வளவு மெலிந்த கால்களா என்பது அன்றைய பொதுவான குறை. 2011இல் வந்த இரண்டாம் பதிப்பில் பின்டயர் 130 மில்லிமீட்டராகவும் முன்டயர் 80இலிருந்து 90 மில்லிமீட்டராகவும் அகன்றன. பின்சக்கரத்தைத் தாங்கும் கை அலுமினியத்தால் ஆனது, நீளமும் கூடியது. இரு சக்கரங்களின் அச்சுகளுக்கு இடையிலான தூரம் 1,290 மில்லிமீட்டரிலிருந்து 1,345 மில்லிமீட்டராயிற்று.

இந்த 55 மில்லிமீட்டருக்குள் ஒரு பேரம் ஒளிந்திருக்கிறது. அச்சுகள் நெருங்கியிருந்தால் வண்டி விரைந்து திரும்பும். விலகியிருந்தால் வேகத்தில் நிலையாக நிற்கும். டயர் அகன்றால் பிடிமானமும் நம்பிக்கையும் கூடும். ஆனால் சாயும்போது தரையைத் தொடும் இடம் நடுக்கோட்டிலிருந்து அதிகம் விலகுவதால், அதே வளைவை அதே வேகத்தில் எடுக்க வண்டியை இன்னும் சற்று அதிகமாகச் சாய்க்க வேண்டியிருக்கும். முதற்பதிப்பை ஓட்டிப் பழகியோர் இரண்டாம் பதிப்பைச் சற்று மந்தமானது என்றனர். புதியவர்கள் அதையே உறுதியானது என்றனர். இரு கூற்றுகளும் உண்மை. மலிவான விளையாட்டு வண்டி என்பது எப்போதும் இத்தகைய விட்டுக்கொடுத்தல்களின் தொகுப்பு. எதை விட்டு எதைக் கொண்டார்கள் என்று அறியாமல் அதை நன்றென்றோ தீதென்றோ சொல்வதில் பொருளில்லை.

கையைத் தொட்டிலில் கட்டிக்கொண்டு விடுதி அறையில் அமர்ந்திருந்தவர், தம் துறையின் வழக்கப்படி விழுந்த கணத்தைக் கணக்காக எழுதிப் பார்த்தார், இடக்கையால். இருசக்கர வண்டி திரும்புவதற்குச் சாய வேண்டும். எவ்வளவு சாய வேண்டும் என்பதை வேகமும் வளைவின் ஆரமும் முடிவுசெய்கின்றன. மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் 20 மீட்டர் ஆரமுள்ள வளைவை எடுக்கச் சுமார் 27 பாகை சாய்வு போதும். அதே வளைவை இருமடங்கு வேகத்தில் எடுக்க 64 பாகை தேவைப்படும். தெருவில் ஓடும் எந்த டயரும் அதைத் தாங்காது. வேகம் இரட்டித்தால் தேவைப்படும் பக்கவாட்டு விசை நான்கு மடங்காவதே காரணம்.

வண்டியைச் சாய்க்கும் முறையும் வியப்புக்குரியது. வலப்புறம் திரும்ப விரும்பும் ஓட்டுநர், தாம் அறியாமலேயே வலக் கைப்பிடியை முன்னோக்கித் தள்ளுகிறார். சக்கரம் ஒரு கணம் இடப்புறம் திரும்ப, வண்டி வலப்புறம் சாய்கிறது. அதன்பின்னரே திருப்பம் நிகழ்கிறது. விமானத்துக்கு முன் மிதிவண்டிக் கடை நடத்திய வில்பர் ரைட் இதைக் கவனித்திருந்தார். சுழலும் சக்கரத்தின் கைரோ விளைவும், முன்சக்கரம் கைப்பிடி அச்சுக்குப் பின்தங்கித் தரையைத் தொடும் அமைப்புமே இருசக்கர வண்டியை நிமிர்த்தி வைக்கின்றன என்று பல்லாண்டுகள் நம்பப்பட்டது. இவ்விரண்டும் இல்லாமலேயே தானாக நிமிர்ந்தோடும் வண்டியைச் செய்ய முடியும் என்று டெல்ஃப்ட், கார்னெல் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு 2011இல் 'சயின்ஸ்' இதழில் காட்டியது. ஒவ்வொரு நாளும் கோடிக்கணக்கானோர் செய்யும் செயலைப் பற்றிய அடிப்படைக் கேள்வி இந்த நூற்றாண்டிலும் திறந்தே கிடந்தது என்பது அவருக்கு ஒருவகை ஆறுதலாக இருந்தது.

கணக்கின் மையம் பிடிமானம். உள்ளங்கை அளவே உள்ள ரப்பர்ப் பரப்புதான் தரையைத் தொடுகிறது. அது தரக்கூடிய பிடிமானத்துக்கு ஓர் எல்லை உண்டு. பிரேக் பிடிப்பதற்கும் திரும்புவதற்கும் அந்த ஒரே பிடிமானத்திலிருந்துதான் செலவு செய்ய வேண்டும். ஆய்வு மாணவருக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது: வாடகைக்கும் உணவுக்கும் தனித்தனி உதவித்தொகை வருவதில்லை. உலர்ந்த நல்ல தார்ச்சாலை வண்டியின் எடையில் முக்கால் பங்கு அளவுக்குப் பிடிமானம் தரலாம். நனைந்து வழவழத்த எஃகு அதில் சிறு பகுதியையே தரும். அன்று அவர் பிரேக்குக்கும் திருப்பத்துக்கும் ஒரே நேரத்தில் செலவு செய்துகொண்டிருந்தார். அந்த நிலையில் இருப்பு திடீரென்று வற்றிய இடத்துக்குள் முன்சக்கரம் நுழைந்தது.

கோணமும் எதிராயிற்று. தண்டவாளத்தைச் செங்குத்தாகக் கடந்தால் டயர் எஃகின்மேல் இருக்கும் நேரம் கண்ணிமைப்பை விடக் குறைவு. பத்துப் பாகைச் சாய்கோணத்தில் கடந்தால் அதே பட்டையின்மேல் ஏறத்தாழ ஆறு மடங்கு தொலைவு ஓட வேண்டும். போதாக்குறைக்கு, தார் தேய்ந்து தண்டவாளத்தின் விளிம்பு சற்று உயர்ந்து நிற்கும் இடங்களில், சாய்வாக வரும் சக்கரம் ஏறாமல் விளிம்பை ஒட்டியே வழுக்கிப் போகும். டிராம் சக்கரத்துக்கான பள்ளத்தில் மிதிவண்டியின் மெல்லிய டயர் விழுந்துவிடக்கூடும். 90 மில்லிமீட்டர் டயர் அதில் விழாது. ஆகவே அவரை வீழ்த்தியவை பள்ளமல்ல. எஃகும் ஈரமும் கோணமும் பிரேக்கும் ஒன்றுகூடின.

இந்தக் கணக்கில் விடுபட்ட ஒன்றை மல்லிக் பஜாரின் மிஸ்திரி சுட்டிக்காட்டினார். பழைய உதிரிபாகங்களுக்குப் பேர்பெற்ற அந்த வட்டாரத்துக்குக் கை தேறியதும் அவர் வண்டியைக் கொண்டுபோனார். வளைந்த கைப்பிடியையும் கீறல்களையும் மிஸ்திரி பெரிதாகப் பார்க்கவில்லை. குந்தி அமர்ந்து முன்டயரைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினார்.

"தாதா, இது எந்த வருஷத்து டயர் தெரியுமா?"

"பட்டன் நிறைய இருக்கிறதே. தேயவில்லையே?"

"தேயவில்லை, செத்துவிட்டது. இங்கே பாருங்கள்."

டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் இருந்தன. முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு ஆண்டு. வண்டி ஆலையிலிருந்து வந்தபோது இருந்த அதே டயர். ஆறாண்டு வெயிலிலும் மழையிலும் ரப்பர் இறுகிக் கட்டையாகியிருந்தது. விற்றவரும் சொல்லவில்லை, வாங்கியவரும் பார்க்கவில்லை. எஞ்சின் ஒலியைக் கேட்டார், வண்ணத்தைப் பார்த்தார், சங்கிலியை இழுத்துப் பார்த்தார். வண்டி தரையைத் தொடும் ஒரே இடத்தைப் பார்க்க மறந்தார். இரண்டு புதிய டயர்களின் விலை, வண்டியின் விலையில் ஏழில் ஒரு பங்குக்கு வந்தது. அம்மாதம் அவர் நூல் எதுவும் வாங்கவில்லை.

வீட்டுக்குச் செய்தி சொல்லாமல் இருந்தவர், டயர் மாற்றிய பிறகே சேலத்துக்குத் தொலைபேசினார். தந்தை 1990இல் வாங்கிய ஆர்எக்ஸ் 100ஐப் பதினைந்தாண்டு ஓட்டியவர். மகனுக்கு வண்டி கற்றுக்கொடுத்தவரும் அவரே. நடந்ததைக் கேட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "முன்பிரேக்கப் புடிச்சியாப்பா?" என்றார்.

"ஆமாப்பா."

"அன்னைக்கே சொன்னனே. முன்பிரேக்கத் தொடாத, தூக்கிப் போட்டுடும்னு."

மகன் அந்த அறிவுரையை ஒருபோதும் மதித்ததில்லை. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னோக்கிப் பாய்கிறது, முன்டயர் தரையில் அழுந்துகிறது, பின்டயர் லேசாகிறது. ஆகவே வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கை முன்பிரேக்கே செய்ய வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டரில் செல்லும் வண்டி, இரு பிரேக்குகளையும் சரியாகப் பயன்படுத்தினால் உலர்ந்த சாலையில் 23 மீட்டர் அளவில் நிற்கக்கூடும். பின்பிரேக்கை மட்டும் நம்பினால் அந்தத் தொலைவு இருமடங்குக்கும் மேல் நீளும். இந்தியச் சாலைகளில் எத்தனையோ பேர் முன்பிரேக்கைத் தொட அஞ்சியே முன்னால் நிற்கும் லாரியில் மோதுகிறார்கள் என்று தந்தையிடம் அவர் வாதிட்டதுண்டு.

இப்போது வாதிட முடியவில்லை. தந்தையின் விதி டிரம் பிரேக்கும் மெல்லிய டயரும் மணல் படிந்த ஊர்ச் சாலையும் சேர்ந்து உருவாக்கியது. அந்த உலகில் திருப்பத்தில் முன்பிரேக்கைப் பிடித்தவர் விழுந்தார். எனவே விதி பிறந்தது. மகனின் விதி டிஸ்க் பிரேக்கும் நேர்க்கோடும் உலர்ந்த தாரும் சேர்ந்த உலகத்துக்குரியது. இரண்டும் தத்தம் எல்லைக்குள் சரியானவை. ராஷ்பிகாரி அவென்யூவில், நனைந்த எஃகின்மேல், சாய்ந்த வண்டியில் அவர் நின்ற இடம் தந்தையின் எல்லைக்குள் இருந்தது. ஒரு விதியைக் கற்றவர் அது எந்த நிபந்தனைகளின்கீழ் உண்மை என்பதையும் சேர்த்துக் கற்க வேண்டும் என்று வகுப்பறையில் முதலாண்டு மாணவர்களுக்கு அவரே சொல்லிவந்தார்.

சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் அவர் வண்டியில் இல்லை. 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புதிய இருசக்கர வண்டிகளுக்கும் அது 2019 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் கட்டாயமாயிற்று. ஆர்15இன் மூன்றாம் பதிப்பு இரு சக்கரங்களுக்கும் அதைப் பெற்றது. அன்று அவ்வசதி இருந்திருந்தால் விழாமல் இருந்திருக்கலாமா? ஒருவேளை. நேராகச் செல்லும் வண்டியில் அது மிகுந்த நன்மை செய்கிறது. ஆனால் சாய்ந்த வண்டியின் சக்கரம் பக்கவாட்டில் வழுக்கும்போது எளிய ஏபிஎஸ்ஸால் அதைத் தடுக்க முடியாது. 2022இல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வண்டிகளில் சென்றவர்கள். மலிவான வண்டியின் விலையைக் குறைக்கும்போது டயரிலும் பிரேக்கிலும் கைவைப்பது எளிது. விளம்பரப் படத்தில் இவை தெரியா. அரசு கட்டாயமாக்கும்வரை ஏபிஎஸ் பெரும்பாலும் விலையுயர்ந்த வண்டிகளின் அணிகலனாகவே இருந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

தண்டவாளத்தின் கதை வேறு. கொல்கத்தாவில் 1873இல் குதிரைகள் இழுத்த டிராம் ஓடத் தொடங்கியது. 1902இல் மின்சார டிராம் வந்தது. சென்னையிலும் 1895 முதல் 1953 வரை டிராம் ஓடியது. அதன் சுவடு இன்று சாலைகளில் தெரிவதில்லை. கொல்கத்தா மட்டும் விடாமல் வைத்திருந்தது. ஆண்டுதோறும் வழித்தடங்கள் சுருங்கின. வண்டிகள் நின்ற பல சாலைகளில் தண்டவாளங்கள் மட்டும் எஞ்சின. டிராம் நகரின் போக்குவரத்தை மந்தமாக்குகிறது என்பதோடு, தண்டவாளங்களில் இருசக்கர வண்டிகள் சறுக்கி விழுகின்றன என்பதும் டிராமை நிறுத்தச் சொல்வோரின் வாதங்களுள் ஒன்றாயிற்று.

விடுதியில் அவரது பக்கத்து அறையில் நகர வரலாறு ஆய்ந்த வங்காள நண்பர் ஒருவர் இருந்தார். டிராமைக் காக்கக் கோரும் கூட்டங்களுக்குத் தவறாமல் செல்பவர். "உன் தோளெலும்பும் எங்களுக்கு எதிரான சாட்சியாகிவிட்டதே" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்பில் வருத்தமும் இருந்தது. விழுந்தவருக்கு அது உறைத்தது. நகரில் தண்டவாளம் கிடந்த ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரே அவர் வந்தார். புகை கக்காத, ஏழைகளும் முதியோரும் மலிவாக ஏறிச்செல்லும் ஊர்தியின் பாதை அது. அதை அகற்றக் கோரும் கணக்கில், ஆறாண்டுப் பழைய டயரோடு தவறான கோணத்தில் பிரேக் பிடித்த ஒருவர் எண்ணாகச் சேர்வது நியாயமா? அதேவேளை, பராமரிக்கப்படாமல் விளிம்பு உயர்ந்து நிற்கும் தண்டவாளம் அபாயமில்லை என்று சொல்வதும் நேர்மையாகாது. தோளெலும்பு அதற்கும் சாட்சி. இருவரும் அன்றிரவு நெடுநேரம் பேசினார்கள். ஒரே முடிவுக்கு வரவில்லை.

கை முழுதும் தேறிய பின் அவர் மீண்டும் ஓட்டக் கற்றார். அதற்கு முன் ஞாயிறு விடியலில் ஈஸ்டர்ன் மெட்ரோபாலிடன் பைபாஸுக்குச் சென்று எஞ்சினை எட்டாயிரம் சுழற்சிவரை இழுப்பதே அவர் பயிற்சியாக இருந்தது. எஞ்சின் உயிர்பெறுவது அங்கேதான். நகருக்குள் மூவாயிரத்தில் அது ஆர்வமற்றுத் தூங்கும். குனிந்த இருக்கையில் மணிக்கட்டு வலிக்கும். பார்க் சர்க்கஸ் நெரிசலில் ரேடியேட்டர் விசிறி சுழன்று முழங்காலில் அனல் வீசும். இப்போது அவர் கல்லூரித் தெருவுக்கும் பாலிகஞ்ச் ஃபாரிக்கும் விடியலில் சென்று தண்டவாளங்களைக் கடந்து பழகினார். முதலில் உலர்ந்த நாள்களில், பின்னர் ஈரத்தில்.

அப்போதுதான் அந்த வண்டியின் உண்மையான திறமை அவருக்குப் புலப்பட்டது. 136 கிலோ எடையுள்ள வண்டி, விரல்நுனி அழுத்தத்துக்கே பணிந்து தன் பாதையை அரையடி மாற்றிக்கொள்ளும். தண்டவாளத்துக்கு இரண்டு வண்டி நீளம் முன்பே வேகத்தைக் குறைத்து, சற்று இடப்புறம் விலகி, பிறகு நேர்க்கோணத்தை நோக்கித் திருப்பி, எஃகைத் தொடும் முன் நிமிர்த்தி, பிரேக்கையும் விட்டு ஆக்சிலரேட்டரையும் அசைக்காமல் கடக்க வேண்டும். இவ்வளவையும் இரண்டு நொடிக்குள் ஒரு வண்டி தயக்கமின்றிச் செய்ய வேண்டுமானால் அதன் சட்டகம் முறுக்கக்கூடாது. கைப்பிடி மெத்தென்று இருக்கக்கூடாது. எடை சரியாகப் பகிர்ந்திருக்க வேண்டும். இருங்காட்டுக்கோட்டையின் வளைவுகளுக்காக என்று அவர் எண்ணியிருந்த குணம், மணிக்கு 20 கிலோமீட்டரில், மீன்கூடை சுமந்த சைக்கிளுக்கும் மஞ்சள் டாக்சிக்கும் நடுவே, முழுமையாகப் பயன்பட்டது. வண்டி முன்பும் அதைத் தர ஆயத்தமாகவே இருந்தது. அவர்தான் கேட்கத் தெரியாமல் இருந்தார்.

2023இல் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு நகரை விட்டுப் புறப்படுகையில் அவர் அவ்வண்டியைத் துறையின் இளைய மாணவர் ஒருவருக்கு விற்றார். 30,000 சொல்லி 25,000க்கு இறங்கினார். பணத்தை எண்ணி வாங்கிய பிறகு சாவியைக் கொடுக்கவில்லை. முதலில் மல்லிக் பஜாருக்கு அழைத்துப்போய் மிஸ்திரியிடம் அறிமுகப்படுத்தினார். டயரின் பக்கச்சுவரில் இருந்த நான்கு இலக்கங்களைப் படிக்கச் சொன்னார். அவை இப்போது மூன்றாண்டுக்கு உட்பட்டவை. பிறகு பின்னிருக்கையில் அமர்ந்து, ராஷ்பிகாரி அவென்யூவில் தண்டவாளத்தை நான்கு முறை கடக்கச் செய்தார். மூன்றாம் முறை இளையவர் எஃகின்மேல் பிரேக்கைத் தொட்டபோது பின்னாலிருந்து தோளில் தட்டினார்.

2024 செப்டம்பரில் மாநில அரசு, மைதானத்தை ஒட்டிய ஒரு பாரம்பரியத் தடம் தவிர மற்ற டிராம் சேவைகளை நிறுத்தப்போவதாக அறிவித்தது. டிராமைக் காக்கக் கோரும் பொதுநல வழக்கு உயர் நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. அந்த மழைக்காலத்தின் இறுதியில் இளைய மாணவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. தம் வழியில் ஓரிடத்தில் தண்டவாளத்தின்மேல் தார் ஊற்றியிருந்தார்கள் என்றும், மழையில் அது பெயர்ந்து எஃகின் விளிம்பு மறுபடியும் வெளியே தெரிகிறது என்றும், முன்பைவிடக் கவனமாகக் கடக்க வேண்டியிருக்கிறது என்றும் அதில் இருந்தது. கடைசி வரியில் முன்டயரை மாற்றிவிட்டதாக எழுதியிருந்தார்.